சம்பளம் 21,000-ஐ தாண்டிடுச்சா? உடம்பு, வண்டி, போன் மூணுக்கும் ஒரு கெடு இருக்கு!



இந்த வருஷம் மார்ச் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். என் சித்தி பையன் போன் பண்ணினான். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல, கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு வெண்டார் கம்பெனியில வேலை.

"அண்ணா, அவளுக்கு பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் பண்ணோம்ல, மொத்தம் 1,40,000 ஆயிடுச்சு. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வாங்கிக் கட்டிட்டேன். அதை திருப்பித் தரணும். பர்சனல் லோன் போடவா, கிரெடிட் கார்டுல ஈ.எம்.ஐ.யா மாத்தவா? எதுல வட்டி கம்மி?"

லோன் கணக்கு அப்புறம் பார்க்கலாம், முதல்ல உன் பே ஸ்லிப் எல்லாத்தையும் அனுப்புன்னு சொன்னேன். ஆடிட்டர் புத்தி, அப்படித்தான் கேக்கத் தோணும். அனுப்பினான். போன ஜூலையில 1,800 ரூபாய் இன்க்ரிமென்ட் வந்திருக்கு. 20,600 இருந்த சம்பளம் 22,400 ஆயிருக்கு. செப்டம்பர் வரைக்கும் இ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்க. அக்டோபர்ல இருந்து அந்தக் கட்டம் காலி.

"இ.எஸ்.ஐ.க்கு ஏன்டா போகல?"

"அதான் அக்டோபரோட கட் ஆயிடுச்சே அண்ணா!"

கட் ஆகலை. ஜூன் 30 வரைக்கும் அவனுக்கும் அவன் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை உரிமை இருந்துச்சு. மார்ச்ல செஞ்ச ஆபரேஷனுக்கு அவன் கையில இருந்து ஒரு ரூபாய்கூட போயிருக்க வேண்டியதில்ல. கூப்பிட்டு விசாரிக்க ஆள் இருந்தும், விசாரிக்கணும்னு தோணலை. இத்தனைக்கும் அந்த ஆள் நான்தான்.

அதனாலதான் இந்தப் பதிவு. எஸ்.ஐ.பி., பங்குச்சந்தை எல்லாம் நம்ம வீடியோக்கள்ல நிறைய பேசியாச்சு. ஆனா சேர்த்து வெச்ச காசை ஒரே நாள்ல காலி பண்ற விஷயங்கள்னு பார்த்தா உடம்பு, வண்டி, போன் இந்த மூணுதான். இந்த மூணுக்கும் உங்களுக்கு ஏற்கனவே ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கு. பிரச்சினை என்னன்னா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடு இருக்கு. அந்தத் தேதியை நமக்கு யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

1. உடம்பு: இ.எஸ்.ஐ. எப்போ நிக்கும்?

முதல்ல அடிப்படை. 2017 ஜனவரி 1-ல இருந்து இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாசம் ரூ.21,000. அதுக்கு முன்னாடி 15,000 இருந்துச்சு. உங்க பங்கு சம்பளத்துல 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இந்த விகிதம் 2019 ஜூலை 1-ல இருந்து அமல்ல இருக்கு.

நிறைய பேர் கேக்கற கேள்வி: "ஓ.டி. பார்த்து ஒரு மாசம் 24,000 வந்துச்சு, இ.எஸ்.ஐ. போயிடுமா?" போகாது. ஓவர்டைம் பணத்தை இந்த 21,000 வரம்புக்குச் சேர்க்க மாட்டாங்க. ஓ.டி. இல்லாத மாசச் சம்பளம்தான் கணக்கு.

அடுத்தது கொஞ்சம் கவனமா படிங்க. இ.எஸ்.ஐ. வருஷத்தை ரெண்டு பங்களிப்புக் காலமா பிரிக்குது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒண்ணு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொண்ணு. ஒரு காலம் ஆரம்பிச்ச பிறகு நடுவுல சம்பளம் 21,000-ஐ தாண்டினா, அந்தக் காலம் முடியற வரைக்கும் நீங்க இ.எஸ்.ஐ.ல தான் இருப்பீங்க. பிடித்தமும் இருக்கும்.

அதோட முடியல. ஒவ்வொரு பங்களிப்புக் காலத்துக்கும் ஒரு பலன் காலம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பர்ல கட்டினதுக்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை. அக்டோபர்–மார்ச்ல கட்டினதுக்குப் பலன் அந்த ஜூலை முதல் டிசம்பர் 31 வரை. பங்களிப்புக் காலத்துல குறைஞ்சது 78 நாளுக்குப் பங்களிப்பு போயிருந்தா, அதுக்கான பலன் காலம் முடியற வரைக்கும் உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உரிமை உண்டு. நடுவுல வர்ற மூணு மாசமும் இதுல அடங்கும்.

இதை இன்க்ரிமென்ட் மாசத்தோட பொருத்திப் பாருங்க:

– ஏப்ரல் 1 முதலே உயர்வு: பிடித்தம் மார்ச்சோட நிக்கும். சிகிச்சை அந்த வருஷம் டிசம்பர் 31 வரை.
– மே முதல் செப்டம்பருக்குள் உயர்வு: பிடித்தம் செப்டம்பரோட நிக்கும். சிகிச்சை அடுத்த வருஷம் ஜூன் 30 வரை.
– அக்டோபர் 1 முதலே உயர்வு: பிடித்தம் செப்டம்பரோட நிக்கும். சிகிச்சை அடுத்த வருஷம் ஜூன் 30 வரை.
– நவம்பர் முதல் மார்ச்சுக்குள் உயர்வு: பிடித்தம் மார்ச்சோட நிக்கும். சிகிச்சை அந்த மார்ச்சுக்கு அப்புறம் வர்ற டிசம்பர் 31 வரை.

என் தம்பி ரெண்டாவது வரி. சூப்பர் ஸ்பெஷாலிட்டி சிகிச்சைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அதனால போறதுக்கு முன்னாடி உங்க கார்டுல இருக்கிற டிஸ்பென்சரியில இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுத்து, "எனக்கு எந்தத் தேதி வரைக்கும் தகுதி இருக்கு?"ன்னு கேட்டுடுங்க. அங்கிருந்து ரெஃபரல் வாங்கித்தான் கே.கே.நகர் மாதிரி பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். அவசரமும் இல்லாம, ரெஃபரலும் இல்லாம வெளிய பண்ணிட்டு அப்புறம் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கறது ரொம்பக் கஷ்டம்.

பிடித்தம் நின்னா சந்தோஷப்படலாமா?

22,400 சம்பளத்துக்கு உங்க பிடித்தம் 168 ரூபாய். கம்பெனி கட்டினது 728 ரூபாய். மொத்தம் மாசம் 896 ரூபாய்க்கு இ.எஸ்.ஐ. கொடுத்தது ஆஸ்பத்திரி மட்டும் இல்ல. உடம்பு சரியில்லாம லீவு போட்டா, சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. வேலையில அடிபட்டு தற்காலிகமா வேலைக்குப் போக முடியலைன்னா 90 சதவீதம். வீட்டுல இருந்து வேலைக்கு வர்ற வழியில நடக்கற விபத்தும், வேலையோட தொடர்பு இருக்குன்னு நிரூபணமானா, வேலை விபத்தாவே கணக்கு. இ.எஸ்.ஐ. நிக்கும்போது இது எல்லாமே சேர்ந்து போகுது. கையில வர்றது 168 ரூபாய்.

அதனால இன்க்ரிமென்ட் லெட்டர் வந்த அன்னைக்கே எச்.ஆர்.கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இ.எஸ்.ஐ. நின்ன பிறகு எனக்கு குரூப் மெடிக்கல் பாலிசி உண்டா? எந்தத் தேதியில இருந்து, எவ்வளவுக்கு, மனைவி குழந்தைகள் சேருவாங்களா, அப்பா அம்மா சேருவாங்களா?" கம்பெனிக்கும் 728 ரூபாய் மிச்சமாகுதே, கேக்கறதுல தப்பே இல்ல.

குரூப் பாலிசி இருந்தாலும் சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. வேலையை விட்டா குரூப் பாலிசி கூட வராது. எப்போ எடுக்கணும்? இதுதான் இந்தப் பதிவுலயே முக்கியமான வரி: இ.எஸ்.ஐ. முடியற அன்னைக்கு இல்ல, இன்க்ரிமென்ட் வந்த அன்னைக்கு.

ஏன்னா புது ஹெல்த் பாலிசியில காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தைத் தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் க்ளெய்ம் கிடையாது. ஏற்கனவே இருக்கிற சுகர், பி.பி. மாதிரி நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாசம் வரை காத்திருக்கணும். முன்னாடி 48 மாசமா இருந்ததை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல குறைச்சது. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை மாதிரி பட்டியல் போட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலான பாலிசியில 2 வருஷம். இ.எஸ்.ஐ.ல நீங்க எத்தனை வருஷம் இருந்திருந்தாலும் அது இங்க கணக்குல வராது.

ஜூலையில இன்க்ரிமென்ட் வந்த உடனே பாலிசி எடுத்தீங்கன்னா, அடுத்த ஜூன் 30 வரை இ.எஸ்.ஐ. உங்களைப் பார்த்துக்கும். அதே நேரத்துல இந்தப் பக்கம் 12 மாசக் காத்திருப்பு ஓடி முடிஞ்சிருக்கும். ஜூன் முடிஞ்ச பிறகு எடுத்தா, பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

இன்னும் மூணு சின்ன விஷயம். ஒண்ணு, சுகரோ பி.பி.யோ இருந்தா மறைக்காதீங்க. பிரீமியம் கூடும்னு மறைச்சா, பின்னாடி க்ளெய்மையே நிராகரிக்கலாம். ரெண்டு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்ல. முன்னாடி 18 சதவீதம் கட்டினோம். மூணு, "80டி-ல வரி மிச்சமாகும்"னு ஏஜென்ட் சொன்னா, நீங்க எந்த வரி முறையில இருக்கீங்கன்னு பாருங்க. புது வரி முறையில 80டி கழிவு கிடையாது. வரிக்காக எடுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்காக எடுங்க.

2. வண்டி: பாலிசியில ரெண்டு தேதி இருக்கும்

தம்பியோட பே ஸ்லிப்பைப் பார்த்த சூட்டோட, பைக் இன்சூரன்ஸையும் அனுப்பச் சொன்னேன். "அது அஞ்சு வருஷத்துக்கு இருக்கு அண்ணா, ஷோரூம்லயே போட்டுட்டாங்க." வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.

2018 செப்டம்பர் 1-ல இருந்து புது பைக்குக்கு 5 வருஷம், புது காருக்கு 3 வருஷம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வந்தது. தேர்டு பார்ட்டின்னா, நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஏற்படற நஷ்டம். நம்ம வண்டிக்கு ஆகற சேதம், வண்டி திருட்டு இதெல்லாம் "ஓன் டேமேஜ்" பகுதி. அதை ஷோரூம்ல பொதுவா ஒரு வருஷத்துக்குத்தான் போடுவாங்க. ஒரே பேப்பர்ல ரெண்டு தேதி இருக்கும். நம்ம கண்ணு தூரமா இருக்கிற தேதியை மட்டும் பார்க்கும்.

தம்பி பைக்குக்கு ஓன் டேமேஜ் முடிஞ்சு ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. அந்த ஒரு வருஷமும் வண்டியை வேலைக்குப் போற வழியில, பஸ் ஸ்டாப் பக்கத்துல நிறுத்திட்டு கம்பெனி பஸ் ஏறியிருக்கான். திருடு போயிருந்தா ஒரு ரூபாய் வந்திருக்காது.

காருக்கும் இதே கதைதான். அதோட, க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு வர்ற நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரை போகும். பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலைன்னா அது மொத்தமா போயிடும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இன்னைக்கு இந்த பெல்ட்ல கார் செய்யற கையெல்லாம் கார் வாங்குது, நல்ல விஷயம். ஆனா ஆர்.சி. பேர் மாத்தினதோட நிறைய பேர் நிறுத்திடறாங்க. தேர்டு பார்ட்டி பகுதி சட்டப்படி புது ஓனருக்குத் தானா வந்துடும். ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்க பேருக்கு மாத்தணும். பாலிசி பழைய ஓனர் பேர்லயே இருக்கும்போது கார் அடிபட்டா, உங்களுக்கு க்ளெய்ம் கிடைக்காமப் போகலாம். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது. அது வண்டிக்கு இல்ல, ஆளுக்கு.

மழைக்காலத்துக்கு ஒரு வரி. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் ரெண்டையும் பார்த்தவங்க நாம. தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, சாதாரண பாலிசியில அது வராது. இன்ஜின் புரொடெக்ட்னு தனியா சேர்த்திருக்கணும். சேர்க்கலையா? சாவியைத் தொடாதீங்க, டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க.

விபத்துன்னா இன்னொரு கெடு: 48 மணி நேரம். 2021 டிசம்பர் 18-ல தொடங்கின "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி. அரசு ஆஸ்பத்திரியிலயும், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. திட்டத்துக்கு ஒரு தொகை வரம்பு இருக்கு. பெங்களூரு ஹைவேயில ஷிஃப்ட் முடியற நேரத்துல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல பைக் ஓட்டறவங்க, கூட ரூம்ல இருக்கிற வடநாட்டுத் தம்பிங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க. 108-க்கு போன் பண்ணும்போதே கேக்கலாம்.

3. போன்: மூணு வேலை நாள்

ஏப்ரல்ல தம்பிகிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. "அண்ணா, பைக்குக்கு ஃபைன் வந்திருக்கு, ஓப்பன் பண்ணவா?" கீழ "ஆர்.டி.ஓ. செல்லான்"னு ஒரு ஏ.பி.கே. ஃபைல். இந்தத் தடவை கேட்டுட்டான். புண்ணியம்.

இந்த மோசடி எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கோங்க. ஏ.பி.கே.ன்னா அது ரசீது இல்ல, ஒரு ஆப். இன்ஸ்டால் பண்ணின உடனே எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேக்கும். கொடுத்துட்டா, வங்கி அனுப்பற ஓ.டி.பி. உங்களுக்கு முன்னாடி அவன் கைக்குப் போகும். நீங்க யாருக்கும் எதையும் சொல்லாமலே பணம் போகும். போக்குவரத்துத் துறையோ போலீஸோ வாட்ஸ்அப்ல ஏ.பி.கே. அனுப்பாது. ஃபைன் இருக்கான்னு பார்க்கணும்னா பரிவாகன் தளத்துல நீங்களே போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க.

சரி, பணம் போயிடுச்சு. இப்போ கெடு என்ன? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல வெளியிட்ட விதிப்படி:

– தப்பு வங்கி பக்கம்னா, நீங்க சொன்னாலும் சொல்லலைன்னாலும் உங்க நஷ்டம் பூஜ்யம்.
– தப்பு வங்கியிலயும் இல்ல, உங்ககிட்டயும் இல்ல, நடுவுல எங்கயோன்னா: தகவல் வந்த நாளை விட்டுட்டு 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்க தலையில. அதுக்கு மேல போனா அந்தந்த வங்கியோட கொள்கைப்படி.
– ஓ.டி.பி. சொன்னது மாதிரி உங்க கவனக்குறைவுன்னா, புகார் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம். புகார் சொன்ன பிறகு போனது வங்கியோட நஷ்டம்.

ஏ.பி.கே. கேஸ்ல "நீங்கதானே இன்ஸ்டால் பண்ணீங்க"ன்னு வங்கி வாதாடலாம். ஆனா வாடிக்கையாளர் தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்குத்தான்னு அதே விதி சொல்லுது. எப்படிப் பார்த்தாலும் உங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம் நேரம்.

செய்ய வேண்டிய வரிசை: அந்த போன்ல நெட்டை ஆஃப் பண்ணுங்க. வேற போன்ல இருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கையும் கார்டையும் முடக்குங்க. உடனே 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்த இதுதான் வழி. அப்புறம் தேசிய சைபர் கிரைம் தளத்துல எழுத்துல புகார். வங்கிக்கும் எழுத்துல கொடுத்து புகார் எண் வாங்குங்க. எண் இல்லாத புகார், புகாரே இல்ல.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. பல பிளான்ட்ல போனை லாக்கர்ல வெச்சுட்டுத்தான் லைனுக்குப் போகணும். எட்டு மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்த்தா பத்து டெபிட் மெசேஜ் நிக்கும். அதனால சம்பளக் கணக்கை யு.பி.ஐ.யில சேர்க்காதீங்க. வேற ஒரு கணக்குல மாசச் செலவுக்கான பணத்தை மட்டும் போட்டு, அதை யு.பி.ஐ.க்கு வையுங்க. வங்கி ஆப்ல தினசரி வரம்பைக் குறைச்சு வையுங்க. போனது போனாலும் பத்தாயிரத்தோட நிக்கும்.

இந்த வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்க

ஒரு பேப்பர் எடுங்க. நாலு தேதி எழுதுங்க: இ.எஸ்.ஐ. சிகிச்சை முடியற தேதி அல்லது குரூப் பாலிசி முடியற தேதி, வண்டியோட தேர்டு பார்ட்டி முடியற தேதி, ஓன் டேமேஜ் முடியற தேதி, ஹெல்த் பாலிசி புதுப்பிக்கற தேதி. கீழ 1930, 108, வங்கியோட எமர்ஜென்சி நம்பர். போட்டோ எடுத்து வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அனுப்புங்க. நீங்க லைன்ல இருக்கும்போது போன் பண்ணப் போறது அவங்கதான்.

தம்பி கதை எப்படி முடிஞ்சுதுன்னு கேப்பீங்க. கிரெடிட் கார்டு வேண்டாம்னு சொல்லி, 14 சதவீத வட்டியில 24 மாசத்துக்கு பர்சனல் லோன் போட்டோம். மாசம் 6,722 ரூபாய் ஈ.எம்.ஐ. வட்டி மட்டும் 21,000-க்கு மேல. இன்க்ரிமென்ட் வந்தது மாசம் 1,800. ஒரு தேதி தெரியாததோட விலை அது.

உங்க பே ஸ்லிப்ல இ.எஸ்.ஐ. கட்டம் இந்த மாசம் காலியா இருந்தா, இன்னைக்கே டிஸ்பென்சரியில தேதியைக் கேளுங்க. சந்தேகம் இருந்தா இன்க்ரிமென்ட் வந்த மாசத்தை மட்டும் கமெண்ட்ல போடுங்க, எந்தத் தேதி வரைக்கும்னு சொல்றேன். இன்சூரன்ஸ் நம்பர், போன் நம்பர் எல்லாம் போட்டுடாதீங்க!